காசிமேட்டுக்கு இருட்டிலேயே போகணும்: வடசென்னையில் ஒரு வார இறுதி

வெள்ளி இரவு

மணலி, எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள், சனிக்கிழமை வந்தால் மகாபலிபுரத்துக்கு டாக்சி பிடிக்கிறார்கள். போக வரவே அரை நாள் தின்றுவிடும். தங்கியிருக்கும் தெருவிலிருந்து பத்து நிமிஷத்தில் இருப்பதைக் கேட்டால், "இங்க பார்க்க என்ன இருக்கு?" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதனதன் நேரத்தில்தான் இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடிவதற்குள் முடிந்துவிடும். கோயில் நடை உச்சிவேளையில் சாத்துவார்கள். கழிமுகத்தில் தண்ணீர் வற்றும் நேரம் தினமும் தள்ளிப்போகும். அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடை இருட்டினால்தான் களைகட்டும். மேப்பைப் பார்த்து, கிட்டத்தில் இருப்பது முதலில் என்று கிளம்பினால் மூடின கதவுகளைத்தான் பார்க்கலாம். அதனால் இந்தக் குறிப்பு கடிகாரத்தைப் பார்த்து எழுதியது. பினாங்கு, சிங்கப்பூர், யாழ்ப்பாணம் என்று எங்கிருந்து வந்தவரானாலும் தமிழ் தெரியும் என்பதால், மொழிபெயர்ப்புக்கு இங்கே வேலையில்லை.

கிளம்புமிடம் காலடிப்பேட்டை என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் அறை எடுப்பவர்கள் அதிகம். (ஆதிசங்கரரின் காலடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1717இல் சென்னைக்கு கவர்னராக வந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் இது. காலெட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டையானது.) 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபிறகு, இங்கிருந்து பாரிமுனைப் பக்கம் போவது சுலபம். மண்ணடியில் இறங்கி பீச் ஸ்டேஷனை நோக்கிப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நடந்தால் பர்மா பஜார்.

பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த ஓரிரு வருடங்களில் கடைகளெல்லாம் அரசுடைமையானதும், தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். பிழைப்புக்காக அவர்கள் போட்ட கடைகள்தான் பர்மா பஜார், அவர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடுதான் அத்தோ. பஜாரில் சார்ஜர், இயர்போன் வாங்குவதானால் அங்கேயே செருகிப் பார்த்துவிட்டு வாங்கவும். பில் இருக்காது, திருப்பித் தரவும் முடியாது.

அத்தோ ஆறரை மணிக்கு மேல். தள்ளுவண்டியில் ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்த நூடுல்ஸ் குவிந்திருக்கும். கேட்டதும் ஒரு பிடி எடுத்துக் கிண்ணத்தில் போடுவார். அதன்மேல் மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு பொரித்த எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், உப்பு. கடைசியில் பேஜோ, அதாவது நம் தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருப்பது, அதை நொறுக்கிப் போட்டுக் கையால் பிசைவார். பிசைகிற கைதான் ருசி. ஸ்பூனால் கிளறினால் புளித்தண்ணீர் அடியில் தங்கி மேலே வெறும் மாவு வாசம் அடிக்கும். பிசைந்ததும் தின்றுவிட வேண்டும், பார்சல் வேண்டாம். பத்து நிமிஷத்தில் பேஜோ ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். கூடவே தரும் வாழைத்தண்டு சூப்புக்குக் காசில்லை, இன்னொரு கரண்டி கேட்டாலும் ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறிப் பொரித்த வெங்காயம் திணித்துத் தருவது தனி. காரம் குறைக்க வேண்டுமானால் பிசைவதற்கு முன் சொல்லவும். பிசைந்தபின் சொல்லிப் பயனில்லை.

ஒரு பொது விஷயம். இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் போனில் பணம் கட்டலாம் என்று நம்பி வர வேண்டாம். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஒரு ஐந்நூறு மாற்றி வைத்துக்கொண்டால் மூன்று நாளும் ஓடும். பாஸ்போர்ட்டின் நகல் போதும், அசல் அறையில் இருக்கட்டும்.

சனி, காலை முதல் இரவு வரை

காலை ஆறு மணிக்கு எண்ணூர். விம்கோ நகர் வரை மெட்ரோ, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் கத்திவாக்கம், அடுத்தது எண்ணூர். டிக்கெட் ஐந்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து முகத்துவாரம் வரை ஷேர் ஆட்டோ. பைக் வாடகைக்கு எடுத்து எண்ணூர் நெடுஞ்சாலையில் வருவது வேண்டாம். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். நிற்கிற வரிசை ஆபத்தில்லை. அது திடீரென்று நகரும்போது ஓட்டுநருக்கு இடதுபக்கம் நிற்கும் பைக் தெரியாது, அதுதான் ஆபத்து.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் இது. பார்ப்பதற்கு நல்ல நேரம் தண்ணீர் வற்றியிருக்கும்போது. ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் பன்னிரண்டரை மணி நேரம் போல இடைவெளி, ஆகவே ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். இந்தச் சனி ஆறு மணிக்கு வற்றம் என்றால் அடுத்த சனி அந்த நேரத்தில் கிட்டத்தட்ட ஏற்றம்தான். அதனால் போன மாதம் வந்துபோனவர் சொன்ன நேரத்தை நம்பக் கூடாது, போனிலேயே ஓதக்கணக்கைப் பார்த்துவிட்டுக் கிளம்பவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் நன்றாகத் தெரியும். அப்போதுகூட நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் சுமார்தான்.

வற்றிய சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, வெறும் கையால் அடிமண்ணைத் தடவித் தடவி இறால் பிடிப்பவர்களைப் பார்க்கலாம். கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கிறது. இருளர்களும் பக்கத்துக் குப்பத்துக்காரர்களும் செய்யும் வேலை. படம் எடுப்பதற்கு முன் "அக்கா, எடுத்துக்கலாமா?" என்று கேட்கவும். சேற்றில் இறங்கிப் பார்க்க ஆசை வரும். இறங்க வேண்டாம். முழங்கால் வரை வாங்கும், உள்ளே இருக்கும் ஆளி ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும், அந்தத் தண்ணீரில் பட்ட காயம் சீக்கிரம் ஆறாது. அனல்மின் நிலையச் சாம்பல் பல வருடங்களாகக் கலந்த தண்ணீர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கரையெல்லாம் அப்பியது. அழகான இடம் என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்து காட்டிவிட்டுப் போக முடியாத இடம் இது. பாலத்தில் நின்று வடக்கே பார்த்தால் புகைபோக்கிகள், கீழே பார்த்தால் கூடையோடு ஆள். இரண்டும் ஒரே பார்வையில் விழும்.

கேமராவைத் துறைமுகம், மின்நிலைய வாசல் பக்கம் திருப்ப வேண்டாம். காவலுக்கு நிற்பவர் நம்மூர்ப் பையனிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுவார். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் மேலதிகாரி வரும் வரை உட்கார வைப்பார். அதற்குள் கோயில் நடை சாத்திவிடும்.

திரும்பும் வழியில் எல்லோரும் கேட்பது: "மெரினாவில் அவ்வளவு மணல், இங்கே ஏன் வெறும் பாறாங்கல்?" நம் கரையோரம் வருடத்தின் பெரும்பகுதி கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தடைபட்டு நின்றது. அப்படிச் சேர்ந்து அகன்றதுதான் இன்றைய மெரினா. வடக்கே மணல் வரத்து நின்றதால் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீடு, தெரு, கோயில் என்று கடலுக்குள் போனவை ஏராளம். கொட்டியிருக்கும் கல்லும், கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகளும் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற. தென்சென்னைக்காரர் காற்று வாங்கும் மணலில் நம் மணலும் இருக்கிறது, அவ்வளவுதான். பாசி பிடித்த அந்தக் கல்லின்மேல் செல்ஃபி எடுக்க ஏறுவது, எண்ணெய் தடவிய மாடிப்படியில் ஓடுவதற்குச் சமம்.

ஒன்பது மணிக்குள் திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கினால் தியாகராஜசுவாமி கோயிலை நிதானமாகப் பார்க்கலாம். பன்னிரண்டுக்கு நடை சாத்தினால் மறுபடி நான்கு மணி. வெள்ளியும் பௌர்ணமியும் கூட்டம் நெரியும், சனி காலை மூச்சு விடலாம். மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவம், வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைவார்கள். அந்த மூன்று நாளில் வரிசை தெருவரைக்கும் நீளும், வேடிக்கை பார்க்க வருபவர்கள் தவிர்க்கலாம். கருவறையை வெளியிலிருந்து சுற்றும்போது பின்பக்கம் வளைந்திருப்பதைக் கவனிக்கவும். படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி இருப்பதால் தூங்கானை மாடம் என்பார்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பியது. கட்டிய தச்சன் ரவி என்ற வீரசோழத் தச்சன் என்று அவன் பெயரையே கல்வெட்டு சொல்கிறது. கோயில் கட்டிய ராஜா பெயர் கிடைக்கும், கொத்தன் பெயர் கிடைப்பது அபூர்வம்.

அம்மன் வடிவுடையம்மன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயருக்கு விளக்கமே வேண்டாம். அவர்கள் ஊரில் 'வடிவான பிள்ளை' என்பது இன்றும் தினப்படி பேச்சு. நாங்கள்தான் அந்தச் சொல்லை அம்மனிடம் மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

உள்ளே மகிழமரம் உண்டு. சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொள்ளும்போது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சன்னதியில் சத்தியம் செய்துவிட்டு எப்படி மீறுவது? சத்தியம் செய்யும் நேரத்துக்கு நீங்கள் மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொண்டார். சிவன் அந்தப் பக்கம் சங்கிலியாரின் கனவில் போய், மரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். மீறிப் புறப்பட்ட சுந்தரருக்கு ஊர் எல்லையிலேயே கண் போனது. இரண்டு பக்கமும் வக்காலத்து வாங்குவது இந்த ஊரில் அன்றே தொடங்கிவிட்டது.

பதினோரு மணிக்கு வெளியே வந்து, கடலைப் பார்த்து நடந்தால் பட்டினத்தார் சமாதி. சின்ன இடம்தான். பேய்க்கரும்பின் கசப்பு எங்கே இனிக்கிறதோ அங்கே முடிவு என்று கரும்போடு ஊர் ஊராகத் திரிந்தவருக்கு அது இனித்த ஊர் இது. பிரசாதமாகக் கரும்பு கிடைக்கவில்லையே என்று கேட்டவர்கள் உண்டு.

மதியம் வெயிலில் எதுவும் வேண்டாம், தூங்கவும். மாலை நான்கரைக்கு ராயபுரம். பீச்சிலிருந்து வரும் மின்சார ரயிலில் வந்தால் ஸ்டேஷனையே பார்த்த மாதிரி ஆகும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. சென்ட்ரல் வந்தது 1873இல். இந்தத் துணைக்கண்டத்தில் நின்றிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் பழையது இதுவே. பம்பாயிலும் தாணாவிலும் முன்பு கட்டியவை இன்று இல்லை. நடைமேடையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெருப்பக்கம் சுற்றி வந்தால்தான் உயரமான தூண்வரிசை தெரியும். ராயபுரம் என்ற பெயர் ராயப்பரால், அதாவது புனித பேதுருவால் வந்தது. அவர் கோயிலும் நடக்கும் தூரம்தான். பார்சிகளின் நெருப்புக் கோயிலும் ராயபுரத்தில் உண்டு, ஆனால் பார்சி அல்லாதவர் உள்ளே போக முடியாது, வாசலோடு திரும்ப வேண்டியதுதான். ஆட்டோக்காரரிடம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று வழி கேட்டால், வயதானவர் 'கஞ்சித்தொட்டியா?' என்று திருப்பிக் கேட்பார். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தின் ஞாபகம் அது.

இரவு எட்டரைக்குப் படுக்கவும். மூன்றேகாலுக்கு எழ வேண்டும்.

ஞாயிறு, விடியல் முதல் மதியம் வரை

காசிமேட்டுக்குக் கிளம்பும் மூன்றரைக்கு மெட்ரோ கிடையாது. ஆட்டோவை முந்தின இரவே பேசி வைத்துவிடவும். அந்த நேரத்தில் தெருவில் நின்று பேரம் பேசினால் சொன்னதுதான் விலை. காலுக்கு ரப்பர் செருப்பு, பேண்ட் கணுக்காலுக்கு மேலே. தரை முழுக்க மீன் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும். ஷூ போட்டு வந்தவர்கள் அந்த ஷூவை ஒரு வாரம் பால்கனியில் வைத்திருந்ததைப் பார்த்ததுண்டு. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று கையோடு வேண்டும். கேரிபேக்கில் வஞ்சிரத் துடுப்பு குத்திவிட்டால் ஆட்டோ சீட்டெல்லாம் ரத்தத் தண்ணீர், அதற்கு மேல் ஓட்டுநர் வாய்.

காசிமேட்டில் நடப்பது இரண்டு சந்தை. முதலாவது ஏலம். படகிலிருந்து இறங்கும் கூடைகளைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள், ஒருவர் விலையைக் கூவிக்கொண்டே போவார். தலையசைப்பு, விரல், ஒரு 'ம்', முடிந்தது. நாம் வாங்கும் இடம் அதுவல்ல. சும்மா நின்று கையைத் தூக்கித் தலை சொறிந்தால் கூடை நம் பெயரில் விழுந்தாலும் விழும். கூடை தூக்குபவர்கள் 'வழி வழி' என்று வந்தால் உடனே விலகவும், அவர் தலையில் ஐம்பது கிலோ இருக்கலாம். இரண்டாவது, ஏலத்தில் எடுத்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், உட்கார்ந்து சில்லறைக்கு விற்பது. ஐந்து மணிக்கு மேல் இதுதான் சூடு பிடிக்கும், எட்டு மணிக்குக் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் வந்துவிடும். வேடிக்கைக்கு நாலு மணி, வாங்க ஐந்தரை.

வெளியூர்த் தமிழர்கள் தடுமாறுவது பெயரில். மலேசியாவில் 'தெங்கிரி', யாழ்ப்பாணத்தில் 'அறக்குளா', இங்கே வஞ்சிரம். மலாய்க்காரரின் 'பாவால்' நம் வவ்வாலேதான். 'பிலிஸ்' என்றால் நெத்திலி. 'கெம்போங்' கேட்டால் காணாங்கத்தை காட்டுவார்கள். 'சோத்தோங்' கடம்பா. ஈழத்துக் கணவாயும் அந்தக் குடும்பந்தான்.

எதை எப்படிப் பார்ப்பது? விசைப்படகு பல நாள் கடலில் தங்கி, ஐஸில் போட்டுக் கொண்டுவரும். பைபர் போட் இரவு போய்க் காலையில் திரும்பும். பெரிய மீன் விசைப்படகில், புத்தம்புது மீன் பைபரில். சங்கரா, நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீனுக்கு 'ஒருநாள் மீனா?' என்று கேட்டு, பிறகு நீங்களே பார்க்கவும். செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பு என்றால் நகரவும். கண் துருத்திப் பளிச்சென்று இருக்க வேண்டும், குழி விழுந்து பால் படிந்தால் பழசு. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். செவுள் ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம், ரத்தத்தைத் தடவி வைப்பது பழைய வித்தை. கண்ணில் அந்த வேலை நடக்காது. இறாலுக்குத் தலை ஆட்டம் காணக் கூடாது, கழுத்தில் கறுப்பு விழுந்திருக்கக் கூடாது. நண்டைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கவும். பெரிசாக இருந்து எடையில்லாமல் இருந்தால் ஓடு மாற்றியது, உள்ளே தண்ணீர்தான். வயிற்று மடல் அகலமாக இருந்தால் பெண், குறுகலாக இருந்தால் ஆண்.

சின்ன மீனைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். கூறு மேலே பார்க்க அழகாக இருக்கும், அடியில் நேற்றையது இருக்கலாம். கையை விட்டுப் புரட்டிப் பார்ப்பதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். பேரம் இப்படி ஓடும்:

"கூறு எவ்ளோக்கா?"

"முந்நூறு."

"எரநூறுக்குக் குடு க்கா."

"போய் சுத்திட்டு வா கண்ணு, இதவிட கம்மியா கெடச்சா அங்கயே வாங்கிக்க."

சுற்றிவிட்டு வரத்தான் வேண்டும். இரண்டாவது தடவை அதே இடத்தில் நின்றால் இருநூற்றைம்பதுக்கு முடியும். 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டால் விலை இறங்காது. அக்கா, வயதானவர் என்றால் அம்மா. ஞாயிறு விலை எப்போதும் கூடுதல்தான், ஊரே கவிச்சி தின்னும் நாள். வாங்குவதே நோக்கம் என்றால் புதன் காலை வரவும்.

எடைக்கு வாங்கும்போது தராசில் காலித் தட்டு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கவும். விலை முழு மீனுக்கு. ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கினால் தலை, குடல், வால் போக முக்கால் கிலோ துண்டு தேறும். வெட்டித் தருபவர்கள் தனியாக உட்கார்ந்திருப்பார்கள், கூலி தனி. எந்தக் குழம்புக்கு, எவ்வளவு கனம் என்று முதலிலேயே சொல்லவும். பொரிக்க விரல் கனம், குழம்புக்கு அதில் ஒன்றரை. மீன் பாதி ஐஸ் பாதியாக வாளியில் அடுக்கி மூடினால் அறை போய்ச் சேரும் வரை கெடாது. அறையில் அடுப்பில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வாங்கிய மீனை ஓரமாக மசாலா தடவிப் பொரித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் எப்படி இருக்கிறது என்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கவும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், பைபர் மீனும் வெளிமாநிலத்து ஐஸ் மீனும்தான். கோடையில் மட்டும் பயிற்சிக்கு வருபவர்கள் இதைப் பார்த்துவிட்டு நாள் குறிக்கவும்.

ஆறரைக்கு அறைக்குத் திரும்பிக் குளியல். எலுமிச்சம்பழத் தோலைக் கையில் தேய்த்தால் கவிச்சி போகும், சோப்பு மட்டும் போதாது. எட்டே முக்காலுக்கு மறுபடி மெட்ரோ, உயர்நீதிமன்றம் ஸ்டேஷன், அங்கிருந்து அரண்மனைக்காரன் தெரு. பெயர்ப் பலகையைப் பார்த்து அரண்மனையைத் தேட வேண்டாம். ஆர்மீனியன்காரன்தான் அரண்மனைக்காரனானான். 1772இல் எழுப்பிய ஆர்மீனியர் தேவாலயம் அங்கே இருக்கிறது. ஞாயிறு காலை 9.30க்கு மணி அடிப்பது வழக்கம். ஆறு மணிகள், ஒவ்வொன்றும் வேறு அளவு. வழிபட ஆர்மீனியர் இங்கே இல்லாமல் போய் வெகுகாலமாகிறது, மணி மட்டும் அடிக்கிறது. முற்றத்துக் கல்லறைகளில் ஹருத்யுன் ஷ்மாவோனியன் இருக்கிறார். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழை 1794இல் அச்சிட்டது அவர்தான், அதுவும் இந்த ஊரில் இருந்துகொண்டு. சொந்த ஊரை விட்டு வந்து தங்கியிருப்பவர்கள் அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறார்கள்.

தம்புசெட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில் பத்து நிமிஷ நடை, உச்சிக்குள் போய்விடலாம். சிவாஜி 1677இல் வந்து கும்பிட்டதாகக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஞாயிறு என்பதால் சுற்றுவட்டார மொத்தக் கடைகள் பெரும்பாலும் அடைப்பு. நடக்கச் சௌகரியம், சாமான் வாங்க வழியில்லை. கடைவீதிதான் வேண்டும் என்றால் சனிக்கிழமை தூக்கத்தைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும்.

ரப்பர் செருப்பை மட்டும் அறைக்கு வெளியே விடவும்.